டெய்லர் அண்ணன் கொடுத்த கால்

இது ஒரு காலைப் பற்றிய கதை. சொல்ல வந்திருப்பவனோ பல் படித்தவன். ஆரம்பமே சரியில்லையே என்று உங்களுக்குத் தோன்றினால் தப்பில்லை. எங்கள் குழுவில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் அப்படித்தான் தோன்றியது.

படிப்பின் கடைசி வருடத்தில் எங்களை நாலு நாலு பேராகச் சேர்த்து, டாக்டர் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு அனுப்பி வைப்பார்கள். டாக்டருக்குப் படிப்பவர் ஒருவர், நர்ஸுக்கு ஒருவர், பிசியோதெரபிக்கு ஒருவர், பல்லுக்கு ஒருவர். தனித்தனிக் கட்டடங்களில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படித்த பிள்ளைகள், ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். நல்ல எண்ணம்தான். ஆனால் நாலு பேருக்கும் ஒரே குளியலறை என்பதால் முதல் வாரம் முழுக்க நாங்கள் கற்றுக்கொண்டது கதவைத் தட்டுவது மட்டும்தான்.

வந்த வேகத்தில் ஊர் எங்களுக்குப் பெயர் வைத்துவிட்டது. டாக்டர் படிப்புக்காரன் பல் தேய்க்கும்போதும் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றுவதில்லை, அவன் 'குழாய்'. பிசியோதெரபிப் பெண் யாரைப் பார்த்தாலும் "கொஞ்சம் குனிங்க, நிமிருங்க" என்பாள். அவள் 'குனி நிமிர்'. நர்ஸ் படிப்பவளை மட்டும் மரியாதையாக 'சிஸ்டர்' என்றார்கள். அவள் முகத்தைப் பார்த்தால் வேறு பெயர் வைக்க யாருக்கும் தைரியம் வராது. நான் 'பல்லு'. இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

எங்களை இறக்கிவிட்டுப் போன மேடம், வண்டியில் ஏறுவதற்கு முன்னால் ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

"நீங்க எல்லாரும் சமம். ஒருத்தர் செஞ்ச வேலையை இன்னொருத்தர் நோயாளி முன்னாடி கலைக்கக் கூடாது, குறை சொல்லக் கூடாது. வீட்டுல அவங்களே பண்ணிக்கிற வைத்தியத்தையும் கிண்டல் பண்ணக் கூடாது. மரியாதை! எனக்கு அதுதான் முதல்ல வேணும். ஊர்ல ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுங்க. நாலு பேரும் சேர்ந்து பாருங்க. நான் திரும்பி வரும்போது அவர் எப்படி இருக்காரோ, அதுதான் உங்க மார்க்கு."

நாங்கள் தலையாட்டினோம். பிற்பாடு நடந்த அத்தனைக்கும் காரணம், நாங்கள் அந்தச் சொற்பொழிவை அப்படியே கேட்டு நடந்ததுதான்.

சுகாதார நிலையம் இரண்டு அறை. எதிரில் ஒரு தையல் கடை. கடை என்றால் ஒரு மிதி மெஷின், ஒரு மேசை, சுவரில் தொங்கும் பள்ளிச் சீருடைகள், நடுவில் டெய்லர் அண்ணன். வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசி. அதைக் கடித்துக்கொண்டே பேசுவார், சிரிப்பார், கொட்டாவிகூட விடுவார். பல் படிப்பவனுக்கு இதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? போன அன்றைக்கே கேட்டேன்.

"அண்ணே, வாயைக் கொஞ்சம் காட்டுங்க. ஊசியும் நூலும் கடிச்சுக் கடிச்சு முன்பல்லு தேஞ்சிருக்கும்."

"வாயில ஊசி இருக்கே தம்பி."

"எடுத்துட்டுக் காட்டுங்க."

"எடுத்தா எங்க வைக்கறது?"

இந்தக் கேள்விக்கு எங்கள் பாடப் புத்தகத்தில் பதில் இல்லை.

அவரை எங்கள் நோயாளியாக்கியது அவர் மனைவி. ஒரு நாள் காலை, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார் அக்கா.

"அந்த மனுஷன் கால்ல கத்தரிக்கோல் விழுந்துடுச்சு. பெரிய கத்தரி. கேட்டா ஒண்ணுமில்லேங்கறாரு. சாக்ஸைக் கழட்ட மாட்டேங்கறாரு, தூங்கும்போதுகூட. போன தடவை வந்த பசங்க எதுக்கோ 'ரெண்டு மாசம் மெஷின்ல உக்காராதீங்க'ன்னு சொல்லிட்டாங்க. அதுலருந்து உங்க கட்டடத்தைப் பார்த்தாலே பயம். நீங்களாவது போய்ப் பாருங்க."

குழாய் போய் அவர் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தான், தன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. சர்க்கரை எகிறியிருந்தது. மேடத்திடம் போனில் கேட்டு மாத்திரை கொடுத்தோம். சிஸ்டர் அக்காவைத் தனியாக அழைத்து ஒளிக்காமல் சொன்னாள்: "சர்க்கரையும் புண்ணும் சேர்ந்தா விளையாட்டு இல்லக்கா. கவனிக்காம விட்டா விரலை எடுக்க வேண்டி வரும். அப்பவும் விட்டா பாதம்."

அக்கா மெஷினின் மிதிப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்கு ரெண்டு காலும்தானே சோறு போடுது" என்றார்.

அப்போதே முடிவு செய்துவிட்டோம். இதுதான் எங்கள் நோயாளி. இந்தக் காலைக் காப்பாற்றாமல் நாங்கள் ஊர் திரும்பப் போவதில்லை.

காலைப் பார்க்க முதலில் போனவன் குழாய். டெய்லர் அண்ணன் சிரித்த முகமாக இடது காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார். பெருவிரலைச் சுற்றி ஒரு துணிக் கட்டு. "எங்க பெரியப்பா சொன்ன பச்சிலை வெச்சுக் கட்டியிருக்கேன் டாக்டர் தம்பி. பிரிச்சா அது வேலை செய்யாது. நீ வேணா மேல கட்டு."

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். குழாய்க்குச் சீழ் என்றால் ஆகாது. கல்லூரியில் ஒரு கட்டியைக் கீறும்போது, நோயாளியை எழுப்பி உட்கார வைத்துவிட்டு அந்தக் கட்டிலில் இவனைப் படுக்க வைத்தார்கள். ஆகவே வீட்டு வைத்தியத்தின் மேல் அவனுக்கு அந்த நிமிஷம் பிறந்த மரியாதை கொஞ்சநஞ்சம் இல்லை. பிரிக்காமல் மேலே ஒரு கட்டுக் கட்டிவிட்டு வந்தான்.

மறுநாள் போனவள் சிஸ்டர். பிரிக்கக் கையை நீட்டியிருக்கிறாள்.

"டாக்டர் தம்பி நேத்துதான் கட்டினாரு சிஸ்டரம்மா."

குழாயின் கட்டு, அளவு பெரிதான சட்டை மாதிரித் தொளதொளவென்று தொங்கியது. சிஸ்டருக்குக் கை அரித்தது. ஆனால் நோயாளி முன்னால் கலைக்கக் கூடாதே. பல்லைக் கடித்துக்கொண்டு, அதன் மேலேயே இறுக்கமாக, அழகாக, பாடப் புத்தகத்துப் படம் மாதிரி ஒரு கட்டுக் கட்டினாள்.

குனி நிமிர் போனபோது அவ்வளவு அழகான கட்டைப் பிரிக்க அவளுக்கு மனசு வரவில்லை. மிதிக்கும்போது அடி தாங்க வேண்டும் என்று மேலே பஞ்சு மெத்தை வைத்து, கணுக்கால் வரைக்கும் பட்டை சுற்றினாள்.

பாக்கி நான். பல் படித்தவனுக்குக் காலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். குழுவில் எல்லாரும் சமம் என்று மேடம் சொல்லியிருக்கிறாரே! நான் போனபோது பஞ்சு மெத்தை மெஷினுக்கடியில் நழுவிக்கொண்டிருந்தது. என் பையில் பல் அச்சு வார்க்கும் மாவு இருந்தது. தண்ணீரில் குழைத்துப் பூசினால் கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். பூசினேன். வழவழவென்று தேய்த்தும் விட்டேன். வேலை சுத்தமாக இருந்தது, வேண்டுமானால் அக்காவைக் கேட்டுப் பாருங்கள்.

"என்னது இது, கால்ல பூசணிக்கா காய்ச்சிருக்கு!" என்றார் அக்கா.

"அப்படியே இருக்கட்டும்டி. நல்லாத்தான் இருக்கு" என்றார் டெய்லர் அண்ணன், வாய் நிறைய ஊசியோடு.

அந்தப் பூசணிக்காய் மிதிப்பலகையில் ஏறவில்லை. ஆகவே அதை ஸ்டூலில் ஏற்றி வைத்துவிட்டு, ஷூ போட்ட வலது காலால் மட்டும் மிதித்து மெஷினை ஓட்டினார். பள்ளி திறக்கப் போகிற நேரம், சுவர் முழுக்கச் சீருடைகள். நான் தினமும் எதிரில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். ஒன்று மட்டும் கவனித்தேன். ஒவ்வொரு மிதிக்கும் அவர் தாடை இறுகும். கிடையாக இருக்கும் ஊசிகள் எல்லாம் பூனை சிலிர்த்த மாதிரி சட்டென்று எழுந்து நிற்கும். மிதி நின்றால் ஊசிகளும் படுத்துக்கொள்ளும்.

"அண்ணே, உங்களுக்குப் பல்லு வலி இருக்கு."

"இல்லவே இல்ல."

"பல்லைக் கடிக்கிறீங்களே."

"ஊசியைப் பின்ன எதால கடிக்கிறது தம்பி?"



அவ்வப்போது மேடம் போன் செய்வார். "புண்ணு எப்படி இருக்கு?"

குழாய் சொல்வான்: "கட்டு ரொம்பச் சுத்தமா இருக்கு மேடம்." பொய் ஒன்றும் இல்லை.

ஒருநாள் சிஸ்டர் கேட்டாள்: "ஏய், புண்ணை நீ பார்த்தேல்ல?" குழாய், "நீ பார்த்திருப்பேன்னு நெனச்சேன்" என்றான். இரண்டு பேரும் குனி நிமிரைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"நாளைக்குப் பிரிச்சிடணும். யாரு கோவிச்சுக்கிட்டாலும் சரி" என்றாள் சிஸ்டர்.

மறுநாள் காலை நாங்கள் கிளம்புவதற்குள் வாசலில் வண்டிச் சத்தம். மேடமே வந்துவிட்டார்.

தேர்வு, தையல் கடையிலேயே. பூசணிக்காய் ஸ்டூலில் ஏறியது. மேடம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலை மடக்கி அதைத் தட்டிப் பார்த்தார். கதவைத் தட்டிய மாதிரி சத்தம் வந்தது.

"இது யாரு வேலை?"

"நான்தான் மேடம்."

"நீ பல்லுதானே?"

"ஆமா மேடம்."

"இது என்ன?"

"காலு மேடம்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் பெற்றோர் கட்டிய கல்லூரிக் கட்டணம் முழுக்க அந்தப் பார்வையில் கரைந்து போனது. டெய்லர் அண்ணனின் துணி வெட்டும் கத்தரிக்கோலையே வாங்கி மாவு ஓட்டை உடைத்தோம். பஞ்சு மெத்தை வந்தது. "இது?" குனி நிமிர் கையைத் தூக்கினாள். அடுத்து அழகான கட்டு. "இது?" சிஸ்டர். அடுத்து தொளதொளக் கட்டு. அதற்கு ஆளைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. குழாய் ஏற்கெனவே வெளுத்துப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தான். கடைசியில் துணி. அதையும் மேடம் மெல்ல அவிழ்த்தார்.

விரல்.

சும்மா விரல் இல்லை. அப்பழுக்கில்லாத விரல். புண் இல்லை, தழும்பு இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. பச்சிலையும் இல்லை. காற்றும் வெளிச்சமும் படாமல் இருந்ததில், பிறந்த குழந்தையின் விரல் மாதிரி ரோஜா நிறத்தில் பளபளத்தது.

"அடேயப்பா! சர்க்கரை இருக்கிறவருக்கு இவ்வளவு சுத்தமா ஆறி நான் பார்த்ததே இல்லை!" என்றார் மேடம்.

எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பஞ்சுதான். அழுத்தம் படாம பார்த்துக்கிச்சு" என்று கிசுகிசுத்தாள் குனி நிமிர். "கட்டுன விதம்" என்றாள் சிஸ்டர். "மாத்திரை" என்றான் குழாய், சுவரை விட்டுவிட்டு நிமிர்ந்து. என் மாவில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பற்றி நானும் ஏதோ ஆரம்பித்தேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேடம் பேனாவைத் திறந்தார்.

"வலிக்குதாங்க?" அந்த விரலை அழுத்திக்கொண்டே கேட்டார்.

"இல்லீங்க மேடம்." ஊசிகள் கிடையாகவே இருந்தன.

"எழுந்து ரெண்டு அடி நடங்க பார்ப்போம்."

டெய்லர் அண்ணன் எழுந்தார். இடது காலை முன்னால் வைத்தார். அதற்காக வலது காலில் ஒரு கணம் உடம்பைத் தாங்கினார். அந்தக் கணத்தில் தாடை இறுகியது. ஊசிகள் அத்தனையும் குத்திட்டு எழுந்து நின்றன.

எல்லாரும் அவர் காலைப் பார்த்தார்கள். நான் மட்டும்தான் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு எதுவும் பார்க்கத் தெரியாது.

மேடத்தின் பேனா தாளைத் தொட்டுவிட்டது. அடுத்த வாரம் வீட்டில், என் கட்டிலில், தனிக் குளியலறையோடு இருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அக்கா இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், இந்தக் கால் இல்ல."

"என்னது?"

"அந்தக் கால் மேடம். ஷூ போட்டிருக்கே, அது."

 டெய்லர் அண்ணன் வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, சட்டைக் காலரில் குத்தி வைத்தார். எடுத்தால் எங்கே வைப்பது என்பது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

"கத்துக்கற பிள்ளைங்க, இவ்வளவு தூரம் ஆசையா வந்திருக்கு. காலே இல்லேன்னு சொன்னா மனசு கஷ்டப்படும்" என்றார் மெதுவாக. "அதான் ஒரு காலைக் கொடுத்தேன். இன்னொண்ணைத் தொழிலுக்கு வெச்சுக்கிட்டேன். அதைக் காட்டினா மிதிக்காதேம்பீங்க. பள்ளிக்கூடம் திறக்குது. சட்டையில்லாம பிள்ளைங்க எப்படிப் போகும்?"

அக்கா கையில் கிடைத்த ஸ்கேலால் அவர் தோளில் ஓர் அடி வைத்தார். அப்புறம் ஷூவைக் கழற்றக் குனிந்தார்.

"இருங்கக்கா. நான் கழட்டறேன்." சொன்னவன் குழாய்.

முழங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்து, ஷூவைக் கழற்றினான், ஒட்டிக்கொண்டிருந்த சாக்ஸைத் தண்ணீர் விட்டு நனைத்து நனைத்து உரித்தான். வாசனை எங்கள் எல்லாரையும் ஓர் அடி பின்னால் தள்ளியது. அவன் நகரவில்லை. பெருவிரல் வீங்கி, கருத்து, ஓரமெல்லாம் சீழ். அழுத்திப் பார்த்தான், சூடு பார்த்தான், பாதத்தில் நாடி பார்த்தான், எல்லாவற்றையும் மேடத்திடம் நிதானமாகச் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தான்.

எங்கள் கட்டுகளால்தான் அந்தக் கால் இவ்வளவு மோசமானது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு கால் மிதிக்க வேண்டியதை, நல்ல காலுக்குப் பூசணிக்காய் மாட்டிவிட்டு, கெட்ட காலை மட்டும் மிதிக்க வைத்தவர்கள் நாங்கள். ஸ்டூலுக்கடியில் உடைந்து கிடந்த மாவுத் துண்டுகளைப் பொறுக்கினேன். எனக்கு வேறு வேலை எதுவும் இருக்கவில்லை.

மேடம் பேனாவை மூடினார். "நான் சொன்னது மரியாதை. பிரிச்சே பார்க்காம இருங்கன்னா நான் சொன்னேன்? ... சொல்லித்தான் இருக்கேன் போல" என்று தன் நெற்றியைத் தானே தட்டிக்கொண்டார். "மார்க்கு இப்ப இல்ல. இந்தக் கால் எனக்குச் சொல்லட்டும். ஏறுங்க வண்டியில, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

பெரிய ஆஸ்பத்திரியில் கெட்டுப் போன சதையை எடுத்தார்கள். விரலை எடுக்கவில்லை, ஆனால் அதன் மேல் பாரம் விழுந்தால் அடுத்த தடவை எடுத்தே தீர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் நாலு பேரும் முதல் தடவையாக உண்மையிலேயே சேர்ந்து உட்கார்ந்தோம், கடையில், மெஷினைச் சுற்றி. டெய்லர் அண்ணனையும் சேர்த்துக்கொண்டோம். முதல் நிமிஷத்திலேயே சண்டை.

"கட்டை நான் மட்டும்தான் தொடுவேன். மேல யாராவது கைக்குட்டை கட்டினாக்கூட கையை உடைப்பேன்" என்றாள் சிஸ்டர்.

"இவர் படுக்கையிலதான் இருக்கணும்" என்றான் குழாய்.

"படுக்கையில மெஷின் இருக்குமா தம்பி?" என்றார் டெய்லர் அண்ணன்.

குனி நிமிர் மட்டும் மெஷினுக்கடியில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மிதிக்கத்தான் கால் வேணும். சக்கரத்தைக் கையாலயும் சுத்தலாமே. இடது கால் மாவுக்குள்ள இருந்து சோர்ந்து போயிருக்கு. அது தேறுற வரைக்கும் அக்கா சுத்தட்டும். அப்புறம் இடது கால் மட்டும். வலது கால் ஸ்டூல்ல."

அப்படித்தான் நடந்தது. அண்ணன் துணியைப் பிடிக்க, அக்கா பக்கத்தில் நின்று சக்கரத்தைச் சுற்றினார்.

"மெதுவாடி! கழுத்துல ஆரம்பிச்சது இடுப்புல வந்து நிக்குது!"

"நீங்க துணியைப் பாருங்க. வண்டி ஓட்டறது நானு."

அந்த வருஷம் பள்ளியில் சில பிள்ளைகளின் சட்டைப் பைகள் கொஞ்சம் ஆச்சரியமான இடங்களில் இருந்தன. ஆனால் சட்டை இல்லாமல் யாரும் போகவில்லை.

எனக்கு என்ன வேலை என்று நான் கேட்கவே இல்லை.  சிஸ்டர்தான் என்னை இழுத்து எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாள். "நீ அவர் வாயைப் பாரு. ஊசி எழுந்திருச்சா கத்து." இப்படியாக, பல் மருத்துவ வரலாற்றில் முதல் தடவையாக ஒருவன் வலி மீட்டராக நியமனம் பெற்றான். அண்ணன் மறந்து போய் வலது காலை இறக்குவார், ஊசி சிலிர்க்கும், "ஊசி!" என்று கத்துவேன், குனி நிமிர் ஓடி வந்து காலைத் தூக்கி வைப்பாள். ரோட்டில் போகிறவர்கள்கூடக் கொஞ்ச நாளில் "ஊசி!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

மேடம் மறுபடி வந்தபோது வலது காலில் ஒரே ஒரு கட்டு. பிரித்தார். புண் மூடி, இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் கட்டியிருந்தது. அவர் அழுத்தியபோது நாங்கள் நாலு பேரும் ஒரே சமயத்தில் அண்ணன் வாயைப் பார்த்தோம். மேடமும் பார்த்தார். ஊசிகள் நிம்மதியாகப் படுத்துக்கொண்டிருந்தன.

"கட்டினது யாரு?"

"நாலு பேரும் சேர்ந்து, மேடம்" என்றான் குழாய்.

"சிஸ்டரம்மாதான் கட்டினாங்க" என்றார் டெய்லர் அண்ணன். "மத்தவங்க வேடிக்கை பார்த்தாங்க. டாக்டர் தம்பி கண்ணைத் திறந்துக்கிட்டே பார்த்துது."

மேடம் பேனாவைத் திறந்தார். இந்தத் தடவை எழுதினார்.

கிளம்புகிற அன்று பையோடு கடைக்குப் போனேன். அண்ணன் இடது காலால் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தி, ஊசிகளை எடுத்துக் காலரில் குத்தினார்.

"வந்த நாளா கேட்டுக்கிட்டே இருந்தியே தம்பி. வெறுங்கையோட அனுப்பக் கூடாது." ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக முகத்தைத் திருப்பி, வாயை அகலமாகத் திறந்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பையைக் கீழே போட்டுவிட்டுச் சின்னக் கண்ணாடியை எடுத்தேன்.

"எதாவது பல்லு வலிக்குதா அண்ணே?"

யோசித்தார். பிறகு விரலை விட்டு, இடது பக்கக் கடைவாயைக் காட்டினார்.

நான் வலது பக்கத்தை முதலில் பார்த்தேன்.